ஒற்றைத் தும்மல்

ஒரு தும்மலுக்குக் கட்டுப்பட்டு ஓட்டோவை நிறுத்துகிற மனிதர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே ஒருவர்தான். அளவெட்டியில் என் சைக்கிள் கடைக்கு முன்னால் நிற்பார். சொந்தப் பெயர் ஊரில் ஒருவருக்கும் நினைவில்லை. சகுனத்தார் என்போம்.

புறப்படும்போது ஒற்றைத் தும்மல் கேட்டால் எஞ்சின் நின்றுவிடும். ஏறினவர் இறங்கி, தண்ணீர் குடித்து, ஆறி இருந்து, மறுபடி ஏற வேண்டும். இரட்டைத் தும்மல் என்றால் நல்ல சகுனம். அதற்காகவே மூக்குப்பொடி டப்பி ஒன்றும் வைத்திருப்பார். ஒருமுறை கொழும்பு பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்த வங்கி மனேஜர் ஒன்று தும்மிவிட்டார். மற்றதை வரவழைக்கப் பொடியை இழுத்தார். வந்தது இரண்டு.

"மூண்டாப் போச்சு ஐயா. இறங்குங்கோ."

பஸ் போய்விட்டது.

போன மாரிகாலம் தொடங்குமுன் கிளினிக்கில் வயது போனவர்களுக்குச் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டார்கள். சகுனத்தார் வீடு வீடாய்ப் போய்க் கூப்பிட்டு, காசு வாங்காமல் சும்மாவே ஏற்றிப் போனார். என் அம்மாவுக்குத் தொய்வு, ஆஸ்துமா. முந்தைய மாரியில் மூச்சு இழுத்து, ஒக்சிசன் வைத்துத்தான் ஆளை மீட்டார்கள். இன்னொரு முறை வந்தால் தாங்கமாட்டார் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அம்மாவுக்கு ஊசி என்றால் பயம். எனக்கோ யாரையும் வற்புறுத்தத் தெரியாது.

அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். ஓட்டோவுக்குள் ஒரு காலை வைப்பார், ஒன்று தும்முவார்.

"சகுனம் சரியில்லை தம்பி. பிறகு பாப்பம்."

சகுனத்தார் டப்பியை நீட்டுவார்.

"பொடி எனக்குத் தொய்வைக் கிளப்பும்."

பாவம், வெறும் ஓட்டோவோடு திரும்பிப் போவார்.

ஊசி போடுகிற கடைசி நாள் வந்தது. அம்மா காலை வைத்தார், தும்மினார். இந்தமுறை சகுனத்தார் டப்பியை நீட்டவில்லை. வாயாலேயே "அச்சு" என்றார்.

"இப்ப இரட்டை. ஏறுங்கோ மாமி."

"உது தும்மலே? உது பொய்."

"உங்கடை மட்டும் மெய்யோ?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உன்ரை சகுனமெல்லாம் எங்கை போட்டுது?"

"என்ரை மனிசியை நெஞ்சுச் சளியோடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகேக்கை ஒருத்தரும் தும்மேல்லை மாமி. எதிரை நிறைகுடத்தோடை ஒரு பிள்ளை வந்தது. எல்லாச் சகுனமும் நல்லாத்தான் இருந்தது. மனிசிதான் திரும்பி வரேல்லை."

அம்மா மற்றக் காலையும் உள்ளே வைத்தார்.

அந்த மாரியிலும் அம்மா இருமினார். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் போகவில்லை.

சகுனத்தார் திருந்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். ஊசி போட்ட மறுநாளே ஒரு தும்மலுக்காகப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரை இறக்கிவிட்டார். சகுனத்தாருக்கு நன்றி சொல்ல எத்தனையோ தரம் வாய் எடுத்தேன், வரவில்லை. இப்போது அவருடைய ஓட்டோவில் யாராவது ஒற்றையாய்த் தும்மினால், கடைக்குள் குனிந்து ரியூப் ஒட்டிக்கொண்டே நானும் ஒன்று தும்மிவிடுவேன்.