டாமார் அக்காவின் ஒரு பிடி மண்

மலேசியாவில், சுங்காய்க்கும் பீடோருக்கும் இடையில் டாமார் அக்காவிடம் திட்டு வாங்காத உயிர் எதுவும் இருந்ததில்லை; செடி கொடிகளும் சேர்த்தி.

பழைய ரப்பர் தோட்டமொன்றில் அமைந்த நர்சரியில் நான் கணக்கெழுதும் கிராணி. மரம் வெட்டிய காடுகளில் திரும்ப நடுவதற்காக, கூம்பு காய்க்கும் டாமார் மரக் கன்றுகளை அங்கே வளர்த்தோம். விதைத் தட்டுகளில் நிரப்புவது பீட்; சதுப்பு நிலத்துப் பாசி மக்கிய பழுப்பு மண். அது அக்காவின் ராஜ்யம். நனைத்த பீட்டை ஒரு பிடி அள்ளிப் பிழிவார். விரலிடுக்கில் இரண்டு சொட்டு வந்தால் சரி. மூன்றாவது சொட்டு விழுந்தால், தண்ணீர் ஊற்றியவனின் பரம்பரையே நாறும்.

கன்றுகளையும் விடமாட்டார். “நேத்து வந்தவ நிமிந்து நிக்கிறா. ஒனக்கு என்னா லா சோம்பேறித்தனம்?”

மேனேஜர் ஈரம் அளக்கும் கருவி ஒன்று வாங்கி வந்தார். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “காய்ச்சல் பாக்கவா பாஸ்? புள்ளைங்க நல்லாத்தான் இருக்கு.” கருவி அலமாரிக்குள் போனது. மேனேஜர் ஒரு வாரம் அந்தப் பக்கமே வரவில்லை.

அக்காவுக்கு ஒரே மகன். தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலை வேலை. ஒருநாள் வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனான். காரியம் முடிந்த மறுநாளே அக்கா வந்துவிட்டார். கை மண்ணைப் பிழிந்தது, வாய் திறக்கவில்லை. இரண்டு வாரம் நர்சரியில் தண்ணீர்க் குழாயின் சீறல் மட்டும்தான். ஆறுதல் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தைரியமில்லை.

ஒரு காலையில் நான் வேண்டுமென்றே ஒரு தட்டு நிறையத் தண்ணீர் ஊற்றினேன். அக்கா வந்து பிழிந்தார். தண்ணீர் முழங்கைவரை வழிந்தது.

“யாரு ஊத்துனா?”

“நாந்தான் அக்கா.”

“கண்ணு அவிஞ்சு போச்சா கிராணி? வேரு அழுகுனா செத்துரும் லா. இத்தன நாளா பாத்துப் பாத்து வளத்து, ஒரு நிமிசத்துல…”

அக்கா தட்டைச் சாய்த்துத் தண்ணீரை வடித்துக்கொண்டே அழுதார். நான் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். நான்கு கன்றுகள் பிழைக்கவில்லை. அந்தப் பாவம் என்னுடையது.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவர், பாதிச் சோற்றை மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினார். நான் அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தேன். மறுபடியும் சாப்பிட்டேன்.