நேரத்துக்கு வந்த பிரதம விருந்தினர்

ஆறு மணிக் கூட்டத்துக்கு ஆறு மணிக்கே ஒரு ஆள் வந்து நிற்கும் என்று மங்கையற்கரசி கனவிலும் நினைக்கவில்லை. அஜின்கோர்ட் மண்டபத்தின் சமையலறையில் அவளும் மகன் மிதுனனும் மட்டும்தான் இருந்தார்கள். ரோல்ஸ் தட்டுகள் மேசை நிறையக் கிடந்தன. பின்கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு இளம்பெண் உள்ளே வந்தாள்.

"வணக்கம் அக்கா. நான் நதீஷா. இண்டைக்குக் கூட்டத்துக்கு..."

"உதவிக்கு வந்த வொலன்ரியரோ? நல்ல காலம் பிள்ளை. கோட்டைக் கழட்டி அங்கை கொழுவும்."

"இல்லை அக்கா, நான் வந்து..."

"இந்தாரும் ஏப்ரன். கையைக் கழுவிப்போட்டு உந்தத் தட்டுகளுக்குப் பேப்பரைப் போடும்."

மங்கை யாரையும் ஒரு வசனம் முடிக்க விட்டவள் அல்ல. அவளை மட்டும் குறை சொல்லவும் கூடாது. கூட்டத்தைக் கூட்டிய, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோர் சங்கம் முழுவதற்கும் அதே வியாதிதான். நதீஷா ஏப்ரனைப் பார்த்தாள். சக்கர நாற்காலியில் இருந்த மிதுனனைப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள்.

மிதுனனுக்கு ஒன்பது வயது. கைகால் அவன் சொல்வழி கேளாது. வாயும் பேசாது. ஆனால் நாற்காலியில் பூட்டியிருந்த திரையில் அவன் கண்ணால் எழுத்தைப் பார்க்க, கருவி அதை ஆங்கிலத்தில் உரத்துச் சொல்லும். இரவல் கருவி. மாதக் கடைசியில் திருப்பிக் கொடுக்க வேண்டும். சொந்தமாக ஒன்று வாங்கக் கேட்டபோது, அது 'வசதிக்கான பொருள்', காப்புறுதிக்குள் அடங்காது என்று காப்புறுதிக் கொம்பனி கையை விரித்துவிட்டது. சங்கத்தில் ஒருவருக்குச் சப்பாத்து, ஒருவருக்குக் கட்டில் என்று எல்லாருக்கும் இதே பதில்தான். அந்த விதியை மாற்றக்கூடிய மனேச்சர் இன்றைக்குப் பிரதம விருந்தினராக வருகிறார். கொம்பனி அனுப்பிய கடிதத்தில் பெயர் இல்லை, 'மனேச்சர்' என்று மட்டும்தான் இருந்தது. மங்கைக்கு மேடையில் ஐந்து நிமிடம்.

"வசதியாம் பிள்ளை," என்றாள் மங்கை, தேயிலையைக் கொட்டியபடி. "போன மாரியிலை இவன் ரெண்டு நாள் அழுதவன். நான் வயித்துக்குத்தெண்டு வயித்தைத் தடவிக்கொண்டு இருந்தனான். இந்த மிசின் வந்தாப்பிறகுதான் சொன்னான், அண்டைக்கு நொந்தது காதாம். உது வசதியோ?"

நதீஷாவின் கை தட்டிலேயே நின்றது. "இதை அவைக்கு எழுதேல்லையோ அக்கா?"

"எழுதினதை ஆர் வாசிக்கிறது? நேரிலை முகத்தைப் பாத்துச் சொன்னாத்தான் ஏறும்."

கதவு படாரென்று திறந்தது. சங்கத் தலைவர் தியாகலிங்கம் மூச்சிரைக்க நின்றார்.

"மங்கை, ஆள் வந்திட்டார். வெள்ளைக்காரர். கோட் போட்டு ரை கட்டி, கையிலை கொம்பனிப் பேர் போட்ட பை. சனம் வர முதல் வந்திட்டார்."

"அங்கிள், மனேச்சர் வந்து..." என்று நதீஷா தொடங்கினாள்.

"ஓம் பிள்ளை, வந்திட்டார். நீர் ரோல்ஸைப் பாரும். தேத்தண்ணி நானே கொண்டுபோறன்."

சனம் சேர ஏழு மணியாகிவிட்டது. மங்கை கதவிடுக்கால் பார்த்தாள். மேடையில் நடுநாயகமாக அந்த மனிதர், பையை மடியில் அணைத்தபடி இருந்தார். பார்வை மட்டும் வாசலிலேயே கிடந்தது. அவர் எழுந்து தியாகலிங்கத்தின் காதில் ஏதோ சொன்னார்.

தியாகலிங்கம் மைக்கைப் பிடித்தார். "தான் ஒரு சாதாரண ஆளாம், தனக்கு உது எல்லாம் தேவையில்லையாம். இந்தப் பணிவு ஆருக்கு வரும்?"

மண்டபம் கைதட்டியது. அந்தப் பணிவுக்காகவே ஒரு பொன்னாடை போர்த்தினார்கள்.

அவர் பொன்னாடையோடு மறுபடி எழுந்தார். ஆள் கோபித்துக்கொண்டு போகப்போகிறார் என்று செயற்குழு பதறியது. நிகழ்ச்சிநிரலில் இல்லாத பரதநாட்டியம் ஒன்று அவசரமாக மேடையேறியது. அதற்கும் அவர் மசியவில்லை என்றதும் ஒரு மாலை. மாலையைக் கழற்றப் பார்த்தபோது இன்னொரு பொன்னாடை. பிறகு அவரை வாழ்த்தி ஒரு கவிதை வாசித்தார்கள். கவிதையில் அவர் கதிரவனாகவும் கற்பகதருவாகவும் இருந்தார்.

"மங்கை, உம்மடை அஞ்சு நிமிசத்தை ரெண்டாக்குவம்," என்று தியாகலிங்கம் ஓடிவந்து சொன்னார். சற்று நேரத்தில் மறுபடி வந்தார். "கோபிக்காதையும். ஆள் நிக்கமாட்டார் போலை. நேரே நன்றியுரைக்குப் போவம்."

பிள்ளைகளுக்காகக் கூட்டிய கூட்டத்தில் பிள்ளைகளைப் பற்றி மட்டும் ஒருவரும் பேசவில்லை.

"அந்த மனுசனுக்குப் போகவேணும்," என்று மிதுனனின் கருவி ஆங்கிலத்தில் சொன்னது.

நதீஷா முதல்தடவையாக மேடையை எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏன் பிள்ளை சிரிக்கிறீர்? எனக்கு வயிறு எரியுது."

"ஒண்டுமில்லை அக்கா. வாங்கோ, தம்பியையும் கூட்டிக்கொண்டு மேடைக்குப் போவம்."

"மேடைக்கு ஏறு பாதை இல்லைப் பிள்ளை. படிதான்."

"நீங்கள் பின்னுக்குப் பிடியுங்கோ. நான் முன்னுக்குத் தூக்கிறன்."

நாற்காலி நல்ல பாரம். பாதிப் படியில் நதீஷாவின் கை நழுவி முழங்கால் படியில் அடிபட்டது. ஆனாலும் அவள் விடவில்லை. நன்றியுரையின் நடுவில் ஏப்ரன் கட்டிய இரண்டு பெண்களும் ஒரு நாற்காலியுமாக மேடையில் முளைத்ததும், தியாகலிங்கத்துக்கு வாழ்நாளில் முதல்தடவையாக வசனம் நின்றது.

மங்கை மைக்கைப் பறித்தாள். பாடமாக்கி வைத்திருந்ததில் ஒரு சொல்லும் வரவில்லை. கண்ணீர்தான் வந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது கருவி பேசியது.

"இவர் எத்தினை தரம் சொல்லிப்போட்டார். நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை. எனக்கு அது எப்பிடி இருக்குமெண்டு தெரியும்."

மண்டபத்தில் ரோல்ஸ் சாப்பிடும் சத்தம்கூட நின்றுவிட்டது. மங்கை மகனின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. மனேச்சரைச் சபையில் வைத்து இப்படிச் சொல்லிவிட்டானே, இனி இந்தக் கருவி கிடைத்தமாதிரித்தான் என்று நினைத்தாள்.

அந்த மனிதர் எழுந்தார். இந்தமுறை ஒருவரும் குறுக்கே போகவில்லை. மிதுனனின் தோளைத் தட்டி, "நன்றி தம்பி," என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு, மாலையும் பொன்னாடைகளும் சரியச் சரிய, மங்கையையும் தியாகலிங்கத்தையும் தாண்டிப் போனார். முழங்காலைத் தடவிக்கொண்டு கண் கலங்கி நின்ற நதீஷாவிடம் பையை நீட்டினார்.

"மேடம், உங்கள் கொம்பனிப் பையை என்னுடைய டாக்சியில் விட்டுவிட்டு இறங்கிவிட்டீர்கள். அதைக் கொடுக்கத்தான் உள்ளே வந்தேன்."