லைட்டு அக்காவும் நைனாவின் பேனரும்

எனக்குத் தெரிந்து சூரியனிடமே வேலை வாங்கிய ஒரே மனுஷி லைட்டு அக்காதான். பெற்றவர்கள் வைத்த பேர் என்னவோ, திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்குத் தெரியாது. கல்யாண வீடுகளுக்குப் படம் எடுப்பவர். ஒரு முறை, வெளிச்சம் சரியில்லை என்று மணவறையையே திருப்பிப் போடச் சொல்லிவிட்டார். முகூர்த்தம் தப்பிவிடும் என்று ஐயர் பதறினார்.

"லைட்டு அத்தவிட சீக்கிரம் பூடும் சாமி, திருப்புங்கோ!" என்றார் அக்கா. மணவறை திரும்பியது.

ஞாயிற்றுக்கிழமைகளில், குப்பத்து வலைக் கொட்டகையில், பழைய கேமராக்களை வைத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துவார். எல்லாம் கடலுக்குப் போகிறவர்கள், கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். "எதுக்கு அக்கா இந்த வேண்டாத வேலை?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"எவன் எவனோ வந்து இதுங்கள போட்டோ புட்ச்சிகினு போறான். இதுங்க எப்போ புடிக்கிறது?" என்றார்.

கேமரா லேசில் கைக்கு வராது. முதலில் அடிப்பாகம் கிழித்த தீப்பெட்டிதான். பிள்ளைகள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அது வழியாகவே ஊரைப் பார்த்துத் திரியும். சிக்னலில் நின்ற போலீஸ்காரர் ஒருவர் பிடித்து விசாரித்தார். "ஃப்ரேம் பாக்குறோம் சார்" என்றதும் அவரும் வாங்கிப் பார்த்தார். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தும் திருப்பித் தரவில்லை.

அக்காவின் சட்டம் ஒன்றே ஒன்று. படத்தில் யாரும் சிரிக்கக் கூடாது. "சிரிப்பு ஊருக்குக் காட்டற மூஞ்சிடா. சும்மா கீறப்போ ஒரு மூஞ்சி இருக்கும் பாரு, அதான் உன்னுது!" இந்தச் சட்டம்தான் பின்னால் வினையாக வந்தது.

வகுப்பிலேயே கெட்டிக்காரி நிர்மலா. அவள் அப்பா தனசேகர் படகில் போகிறவர், முன்கோபி. படகுத் தகராறில் கூடப்பிறந்த அண்ணன் தேசப்பனோடு பல வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. "பொட்டப் புள்ள கேமராவ தூக்கினு சுத்தனது போதும். லைட்டு வெக்கற போட்டோ கண்காட்சி முடிஞ்சதும் எல்லாத்தையும் ஏறக்கட்டிட்டு வூட்ல கெட" என்று மகளிடம் சொல்லிவிட்டார். அக்கா போய்க் கெஞ்சிப் பார்த்தார். மனுஷன் மசியவில்லை. கண்காட்சியில் மகளின் படத்தைப் பார்த்தாவது மனம் மாறாதா என்பதுதான் அக்காவின் கடைசி நம்பிக்கை.

கண்காட்சி என்றால் ஹால் எல்லாம் இல்லை. பிள்ளைகள் எடுத்த படங்களை பேனராக அடித்துத் தெருவிலேயே கட்டுவது. மற்ற பிள்ளைகள் கப்பல், காக்கா, கிரேன் என்று எடுத்திருந்தார்கள். நிர்மலா மட்டும் அப்பாவின் முகத்தை எடுத்திருந்தாள். அக்கா படங்களையும் பேர்களையும் அனுப்பிவிட்டு, பேனர் கடைக்காரருக்கு போன் போட்டார். "படத்துல ஆள் இருந்தா பேரு போடு. மரியாதையா பண்ணு. வெடிகாத்தால நீயே வந்து கட்டிடு."

ஒரே ஒரு முகம், அதிலும் சிரிக்காத முகம், பேரும் போட வேண்டும், மரியாதையாகவும் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்து பேனர் கடைக்காரருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா என்ன? மேலே 'கண்ணீர் அஞ்சலி', இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, 'மறைவு' என்ற இடத்தில் அன்றைய தேதி. கீழே 'ஆறாத் துயரத்தில் புகைப்பட வகுப்பு மாணவர்கள்.'

தனசேகரோ கடலில் இருந்தார். கேட்க வேண்டுமா? விடிந்ததும் தெருவே கூடிவிட்டது. நிர்மலாவின் அம்மா காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போயிருந்தது நல்லதாகப் போயிற்று. நாற்காலி வந்தது, சாவு மேளமும் வந்தது. தேசப்பன் மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வந்து பேனரைக் கட்டிக்கொண்டார். நிர்மலாவும் அக்காவும் பதறிப்போய் அதை அவிழ்க்க வந்தால், "தொடாதீங்கோ, என் தம்பி!" என்று அலறினார். யார் சொல்வதும் அவர் காதில் ஏறவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தனசேகர் மீன் பையோடு வந்தார். வாடகைக்கு நாற்காலி போட வந்த வெளியாளிடம், "யாருபா பூட்டது?" என்று கேட்டார்.

"யாரோ தனசேகராம். தங்கமான மனுசனாம்."

"தங்கமா? எவன் சொன்னான்?"

"அதோ அய்துகினு கீறாரே, அவரு அண்ணன்."

தனசேகர் பையைக் கீழே போட்டார். தம்பியைக் கண்ட தேசப்பன் முதலில் பளாரென்று ஓர் அறை விட்டார், அப்புறம் கட்டிக்கொண்டு, "கடலோட பூட்டியோன்னு நென்ச்சேன்டா" என்று கதறினார்.

அழுது ஓய்ந்த பிறகு தனசேகர் பேனரை அண்ணாந்து பார்த்தார். அக்கா முன்னால் போய் நின்றார். "எல்லாம் என் தப்பு. புள்ளய ஒண்ணியும் சொல்லாத."

அவர் அக்காவைப் பார்க்கவே இல்லை. "எப்போ எடுத்த?" என்று மகளைக் கேட்டார்.

"வலையில ஒண்ணியும் மாட்டாம வந்தியே நைனா, அன்னிக்கி. வூட்ல யாராண்டயும் சொல்லாம குந்திகினு இருந்த. எனக்குத் தெரியும்."

தனசேகர் கீழே கிடந்த மீன் பையை எடுத்துக்கொண்டு, "லைட்டு, இவளுக்கு இன்னும் இன்னா கத்துக் குடுக்கணுமோ குடு. ஞாயித்துக்கெயமை நானே இட்டாந்து வுடறேன்" என்றார்.

எதற்கும் பதில் வைத்திருக்கும் அக்கா, நிர்மலாவை இழுத்து அணைத்துக்கொண்டு நடுத்தெருவில் ஓவென்று அழுதார். துக்கம் கேட்க வந்தவர்களும், வந்தது வீணாக வேண்டாம் என்று கூடவே அழுது தீர்த்தார்கள். நானும் அழுதேன். தனசேகருக்காக இல்லை, அக்காவுக்காக.