பிராக் நகரத்தை மேட்டுக்கு ஏற்றிய கதை

ஐரோப்பாவின் ஓர் அழகான நகரத்தில், பட்டப்பகலில், ஒரு பாவமும் அறியாத பதினாறு வெள்ளைக்காரர்களை இந்தியில் கத்தி மலைமேல் ஓட்டிக்கொண்டு போன பெண்மணி நான்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறர் சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட நானே சொல்வது மேல். (அந்தமானில் எங்கள் ஹேடோ பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள்.)

ஆனால் பிராக் போவதற்கு முன் கேக் கதையைச் சொல்லியாக வேண்டும். அது இல்லாமல் இது புரியாது.

சுனாமி வந்தபோது நாங்கள் ஹேடோவில் தண்ணீரை ஒட்டிய பழைய குவார்ட்டர்ஸில் இருந்தோம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை. நிலநடுக்கம் நின்று, எல்லாரும் வாசலில் கூடி அவரவர் வீட்டில் உடைந்த பாத்திரங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று யாரோ "பானி ஆ ரஹா ஹை!" என்று கத்தினார்கள். தண்ணீர் வருகிறது! எங்கள் தீவில் வங்காளி, தெலுங்கர், மலையாளி, தமிழர் எல்லாரும் பொதுவில் பேசுவது இந்திதான். உயிருக்குப் பயந்து ஓடுவதும் இந்தியில்தான் என்று அன்று தெரிந்துகொண்டேன். வீட்டுக்குள் பாய்ந்து, கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினேன். மேலே போய் மூச்சு வாங்கிக்கொண்டு பார்த்தால், நான் மார்போடு அணைத்துக்கொண்டிருந்தது கிறிஸ்துமஸ் கேக் டப்பா. கணவர் டியூட்டியில் இருந்தார். மாமியார் குளியலறையில் இருந்தார்.

மாமி (மாமியாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், பூர்வீகம் கன்னியாகுமரிக் கடற்கரை) தலையில் சீயக்காயோடு தானாகவே மேடேறி வந்து சேர்ந்தார். அவருக்குப் பின்னால் தண்ணீர் எங்கள் அடுக்களை வரை வந்து திரும்பிப் போயிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார்.

"கேக்குக்கு ஒண்ணும் ஆவலியே?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். அடுத்த எட்டு வருடம் இந்தக் கதை ஓடாத கல்யாண வீடு கிடையாது. "எம் மருமவளுக்கு நல்ல மனசு. ஆபத்துன்னா கேக்கை விடமாட்டா" என்பார் மாமி. எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதில் ஒரு வார்த்தை பொய் இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். உண்மையாகவே அவரை மறந்துவிட்டுத்தான் ஓடினேன்.

உயிர் பிழைத்த அன்றே மாமி குழந்தை இயேசுவுக்கு நேர்ந்துகொண்டார். நம் ஊர்ச் சிற்றாலயத்தில் இருப்பவருக்கு அல்ல. பிராக் நகரத்திலேயே எழுந்தருளியிருக்கும் அசலுக்கு. நேரில் வந்து மெழுகுவர்த்தி ஏற்றுவதாக வாக்கு. (வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்திருந்தால் ஒரு கப்பலும் ஒரு பஸ்ஸும் போதும்.) நேர்ந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் குழந்தை இயேசு எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. என் கொழுந்தன் ஜெரால்டுக்கு அதே பிராக்கில் ஒரு கார் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. இரண்டு டிக்கெட் அனுப்பினான். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. சுனாமிக்குப் பின் பிறந்த எங்கள் பையனை அவரிடம் விட்டுவிட்டு, மாமிக்குத் துணையாக நான் கிளம்பினேன்.

லம்பா லைன் என்ற இடத்தில் இருக்கும் எங்கள் ஏர்போர்ட் வாசலில் வழியனுப்ப வந்த அத்தனை பேருக்கும் முன்னால் மாமி சொன்னார்: "இவ கூட போறேன். எங்க விட்டுட்டு வாறாளோ, குழந்தை ஏசுவுக்குத்தான் வெளிச்சம்."

அன்று ஒரு முடிவு செய்தேன். மாமியின் மேல் ஒரு கீறல் விழாமல், ஒரு குறை சொல்ல இடமில்லாமல், கொண்டுபோய்க் கொண்டுவந்து சேர்ப்பது. வாழ்க்கையில் ஒரே ஒரு முறையாவது இந்தப் பெண்மணி வாயிலிருந்து என்னைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்று வரவேண்டும்.

நாங்கள் பிராக் போய்ச் சேர்ந்த வாரம் ஜெரால்டுக்குப் பகல் ஷிஃப்ட். ஆகவே எங்கள் இருவருக்கும் மட்டுமென்று மூன்று மணி நேரத்துக்கு ஒரு வழிகாட்டியை ஏற்பாடு செய்திருந்தான். பெயர் பெட்ரா. ஐம்பது வயது இருக்கும், நல்ல உயரம், மழை இல்லாவிட்டாலும் கையில் குடை. நிமிடவாரியாக ஒரு அட்டவணை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். மாமிக்கு முழங்கால் வலி என்று ஜெரால்டு முன்பே சொல்லியிருந்ததால், அட்டவணையின் தலைப்பில் "படிகள் இல்லை" என்று கோடு வேறு போட்டிருந்தது. மலைமேல் இருக்கும் கோட்டைக்கு டிராமில் போவோம், கடைசியில் இறங்கி வந்து குழந்தை இயேசு கோயில். எல்லாம் பக்காவாக இருந்தது.

நானோ இருபது வருடமாகக் கப்பல் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள். பெட்ரா பேசும் ஆங்கிலத்தை மாமிக்குத் தமிழில் சொல்லும் பொறுப்பு என்னுடையது. முதல் அரை மணி நேரத்திலேயே எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. பெட்ரா ஒரு வரி சொன்னால் நான் மூன்று வரி சொன்னேன். ஒரு ராஜாவுக்கு, அவர் சொல்லாத இரண்டு மனைவிகளைக்கூடச் சேர்த்துவிட்டேன். மாமி "ம்" கொட்டிக்கொண்டு வந்தார். அவர் ம் கொட்டினாலே பெரிய விஷயம்.

ஆற்றோரத்தில் ஒரு சுவருக்கு முன்னால் பெட்ரா நின்றார். என் தலைக்கு மேல் இரண்டு முழ உயரத்தில் ஒரு சின்னத் தகடு பதித்திருந்தது. "சில வருடங்களுக்கு முன் வெள்ளம் வந்தபோது தண்ணீர் இதுவரைக்கும் நின்றது" என்றார். இதை நான் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். மாமி தகட்டைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டார்.

பெட்ரா கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இன்று மாதத்தின் முதல் புதன்கிழமை. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு நீங்கள்..." என்று ஆரம்பித்தார்.

"மணி அடிக்கும், அதுதானே? எங்கள் கோயிலிலும் அடிக்கும்" என்று அவரை முடிக்கவிடாமல் நானே முடித்துவிட்டு, மாமியிடம் எங்கள் கோயில் மணியைப் பற்றியே பேச ஆரம்பித்தேன். (டிக்கெட் கவுண்டர் புத்தி. எதிரில் இருப்பவர் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிப் பழக்கம்.)

பன்னிரண்டு மணிக்கு நகரம் முழுவதும் அபாயச் சங்கு ஊதியது.

ஒரு சங்கு இல்லை. எல்லாத் திசையிலிருந்தும், எல்லாக் கூரையிலிருந்தும். எனக்கு எதிரில் ஆறு. தலைக்கு மேல் தகடு. அதற்குப் பிறகு நான் யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். என் கை தானாகப் போய் மாமியின் கையைப் பிடித்தது. வாய் தானாகத் திறந்தது.

"பானி ஆ ரஹா ஹை! ஊப்பர் சலோ! ஊப்பர்!"

மேலே போங்கள், மேலே! கப்பல் ரத்தான நாளில் முந்நூறு பேரை வரிசையில் நிறுத்திய குரல் அது. பக்கத்தில் ஒரே மாதிரி மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு நின்ற வயதான சுற்றுலாக் கூட்டம் ஒன்று திடுக்கிட்டுத் திரும்பியது. மொழி புரியாவிட்டாலும் அதிகாரம் புரிந்துவிட்டது. நான் கோட்டை இருக்கும் திசையைக் காட்டி ஓடினேன். அவர்களும் ஓடி வந்தார்கள். பின்னால் பெட்ரா ஏதோ கத்திக்கொண்டு குடையை ஆட்டினார். ஓடச் சொல்கிறார் என்றே நினைத்தேன்.

வழியெல்லாம் உள்ளூர்க்காரர்கள் நடைபாதை மேஜைகளில் உட்கார்ந்து நிதானமாக பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. 'மெயின்லேண்ட்காரர்களுக்குத் தண்ணீரைப் பற்றி என்ன தெரியும்' என்றுதான் நினைத்தேன். (எங்களுக்குத் தீவைத் தாண்டினால் எல்லாமே மெயின்லேண்ட்தான். ஐரோப்பா கொஞ்சம் தூரத்து மெயின்லேண்ட்.) பிறகு சங்கு நின்றது. பயம் இரண்டு மடங்கானது. ஒலிபெருக்கியில் ஓர் ஆண் குரல் அவர்கள் பாஷையில் நிதானமாக ஏதோ அறிவித்தது. எங்கள் ஊரில் கப்பல் ரத்து என்பதையும் இதே நிதானத்தோடுதான் அறிவிப்பார்கள். விஷயம் மோசம்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

கோட்டைக்கு ஏறும் படிக்கட்டு வந்தது. மேலே பார்த்தால் முடிவே தெரியவில்லை. பாதி ஏறியதும் மாமி பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"ஏட்டி, என்னால ஆவாது. என்னை இங்ஙன விட்டுட்டு நீ போட்டி. ஊர்ல உம் பிள்ளை இருக்கான்."

"மாமி, எந்திரிங்க!"

"போட்டின்னு சொல்லுதேன்லா!"

"இன்னொரு தடவை உங்களை விட்டுட்டுப் போகமாட்டேன்! நீங்க எந்திரிக்கலன்னா நானும் இங்கயே உக்காந்துருவேன். ரெண்டு பேரும் சேர்ந்து போயிரலாம். குழந்தை ஏசுகிட்ட நீங்களே போய்ச் சொல்லிக்கிடுங்க!"

கத்தும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமி என்னை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையை அதற்கு முன் நான் கண்டதில்லை. பிறகு "சவத்தெ, சலோ" என்று ஒரு சொல்லில் கன்னியாகுமரியையும் ஒரு சொல்லில் அந்தமானையும் சேர்த்துத் திட்டிவிட்டு எழுந்தார். கீழே மஞ்சள் தொப்பிக்காரர் ஒருவர் மாமியின் இடுப்பில் கைகொடுத்து ஒரு தள்ளு தள்ளினார். மிச்சப் படிகளை எங்கள் மாமி ஏறிய வேகத்தை முழங்கால் டாக்டர் பார்த்திருந்தால் தொழிலையே விட்டிருப்பார்.

உச்சியில் பெரிய சதுக்கம். கோட்டை வாசலில் சீருடையோடு ஒரு காவலர் சிலையாக நின்றார். அவரையும் காப்பாற்றலாம் என்று அருகில் போய், ஓடச் சொல்லி "பாகோ! பானி!" என்று கத்தினேன். அவருடைய கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. உடம்பு அசையவில்லை. அவரைச் சுற்றி நின்று நூறு பேர் சாவகாசமாக போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு முதன்முதலாகச் சந்தேகம் வந்தது.

குடையை ஊன்றிக்கொண்டு பெட்ரா வந்து சேர்ந்தார். முகம் பழுத்த தக்காளியாக இருந்தது. மூச்சு வந்ததும் சொன்னார்: "சோதனை. வெறும் சோதனை. மாதத்தின் முதல் புதன்கிழமை, பன்னிரண்டு மணிக்கு, சங்கு வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். அதைத்தான் சொல்ல வந்தேன்." சற்று நிறுத்தி, "படிகள் அட்டவணையில் இல்லை" என்றும் சேர்த்துக்கொண்டார்.

பதினாறு மஞ்சள் தொப்பிகளும் என்னையே பார்த்தன. மாமியும் பார்த்தார். பூமி பிளந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஆனால் அது மாத அட்டவணைப்படி நடப்பதில்லையே. வேறு வழியில்லாமல், நாங்கள் எங்கிருந்து வருகிறோம், எட்டு வருடத்துக்கு முன் எங்கள் அடுக்களைக்குள் என்ன வந்தது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கேக் டப்பாவையும் மறைக்கவில்லை. மானம் போனது போனதுதான், முழுசாகவே போகட்டும்!

யாரும் சிரிக்கவில்லை. பெட்ரா குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மாமியைப் பார்த்துப் பேசினார். வெள்ளம் வந்தபோது அவருடைய வீடும் அந்த ஆற்றோரத்தில்தான் இருந்ததாம். காலி செய்யச் சொன்னதும் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெரு வரை ஓடிவிட்டாராம். அப்புறம்தான் கணவர் மேல்மாடியில் தூங்குவது ஞாபகம் வந்ததாம்.

இதை மாமிக்குத் தமிழில் சொல்ல வேண்டியவள் நான்தான். சொன்னேன். மாமி கண்ணைச் சுருக்கினார்.

"நெசமாவே அவ சொன்னதாட்டி? இல்ல, நீயா சேத்துச் சொல்லுதியா?"

ராஜாவுக்கு இரண்டு மனைவி சேர்த்ததற்குத் தண்டனை அங்கேயே கிடைத்தது. நல்ல வேளையாக பெட்ரா தையல் மெஷினைத் தூக்கி ஓடுவதை நடித்தே காட்டினார், சக்கரம் சுற்றுவது உட்பட. மாமிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மஞ்சள் தொப்பிகளும் சேர்ந்துகொண்டன. அந்தக் கோட்டைக்கு முன்னால் பத்தொன்பது பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். காவலரின் மீசை லேசாகத் துடித்ததை நான் பார்த்தேன்.

டிராமில் இறங்கி வந்து குழந்தை இயேசுவைத் தரிசித்தோம். மாமி மெழுகுவர்த்தியை ஏற்றும்போது என் கையையும் இழுத்து அதைப் பிடிக்க வைத்தார். சத்தமாகத் தமிழில் ஜெபித்தார். பெட்ராவுக்கு, அவர் கணவருக்கு, கொழுந்தனுக்கு, மஞ்சள் தொப்பிக்காரர்களுக்கு. கடைசியில் எனக்கு. எட்டு வருடத்தில் என் பெயர் அவர் வாயில் கிண்டல் இல்லாமல் வந்தது அப்போதுதான்.

ஊருக்குத் திரும்பினோம். அடுத்த மாதம் முதல் புதன்கிழமை சாயங்காலம் வீட்டு போன் அடித்தது. எடுத்தால் ஊவென்று சங்கு. ஜெரால்டு அங்கே ஜன்னலுக்கு வெளியே போனை நீட்டிக்கொண்டு, "மைனி, ஓடுங்க!" என்று சிரிக்கிறான். அன்றிலிருந்து மாதம் தவறியதில்லை. சில மாதம் அக்கம்பக்கத்தார்கூட வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போகிறார்கள். வந்தவர்களுக்கு மாமி கதை சொல்வார். அவர் சொல்லும் கதையில் படிக்கட்டு ஒவ்வொரு மாதமும் வளர்கிறது. நான் அவரைக் கையைப் பிடித்து இழுத்தது போய், இப்போது தோளில் சுமந்துகொண்டு ஏறுகிறேன்.

போன மாதம் புதிதாகக் குடிவந்த ஒருவர் கேட்டார்: "ஆனா மாமி, அங்க தண்ணி ஒண்ணும் வரலியே? வெறும் டெஸ்ட்தானே?"

நான் தலையைக் குனிந்துகொண்டு டீ ஊற்றினேன். மாமி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"வரல. வந்திருந்தா? நீங்க எல்லாம் கீழ நின்னுருப்பிய. நான் எம் மருமவ கூட மேல நின்னுருப்பேன்."