கதைவசனம் சொன்ன வில்லன்

காலை ஐந்தே முக்கால் மணி. மாடி ஜன்னலைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டவர், ஈரத் துண்டை முதுகில் கட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்து, எதிர் வீட்டு உரலின் மேல் நின்ற ஒரு மனிதர். வயது நாற்பத்தைந்துக்குக் குறையாது. கீழே தெரு நெடுக ஆட்கள். அத்தனை வாயும் திறந்திருந்தது.

"ஏழாவது மாடி! கீழ ரயிலு வந்துக்கினு இருக்குது! குதிச்சான் பாரு!" என்று கத்திவிட்டு உரலிலிருந்து குதித்தார். குதித்த இடத்தில் சாணி இருந்தது. கதை நிற்கவில்லை.

அவர்தான் கதைவசனம். சினிமா என்ற ஒன்றை யாருமே கண்டுபிடிக்காமல் விட்டிருந்தாலும், மறுநாள் காலை அதன் கதையை எங்கள் தெருவில் சொல்லியிருக்கக்கூடியவர். பெற்றோர் வைத்த பெயர் என்னவென்பது தபால்காரருக்கு மட்டும் தெரியும்.

அறுபதுகளின் கடைசியில் நான் சின்ன காஞ்சிபுரத்தில் அந்தத் தெருவில்தான் மாடி அறை ஒன்றில் குடியிருந்தேன். தெருவில் பாதி வீடுகளில் தறி. நெய்வதற்கு முன்னால் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்ததை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டியாக வேண்டும். பாவு போடுவது என்பார்கள். யார் வீட்டுப் பாவானாலும் தெருவே கைகொடுக்கும். சண்டைக்காரனும் வந்துவிட வேண்டும். வராவிட்டால் அவன் பாவுக்கு ஆள் வராது. பிடித்த இழையைப் பாதியில் விட முடியாது. இப்படி ஓடவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் ஒரு தெருவே அகப்பட்டால் கதை சொல்லுகிறவருக்கு வேறென்ன வேண்டும்?

புதுப்படம் வந்தால் கதைவசனம் முதல் நாளே பார்த்துவிடுவார். அடுத்த பாவில் முழுப் படமும் ஓடும். சண்டை, பாட்டு, குதிரைக் குளம்பு எல்லாம் அவர் வாயிலிருந்தே வரும். நடுவில் "இன்டர்வல்!" என்று அறிவித்துவிட்டு ஒரு பீடி பற்றவைப்பார். கதையைக் கேட்டுவிட்டதால் படம் பார்க்காமல் இருந்துவிட்டவர்கள் தெருவில் கிடையாது. சரிபார்க்கப் போவார்கள். சரியாகவே இருக்கும். ஒரு முறை அவர் ஒரு பாட்டை விட்டுவிட்டதாக மங்கா அக்கா கண்டுபிடித்தார். மங்கா அக்கா அறுந்த இழை முடிவதில் கெட்டிக்காரர், பேச்சில் எதையும் முடிந்துவைக்காதவர். கதைவசனம் மறுபடி கொட்டகைக்குப் போய், அந்தப் பாட்டைக் கற்றுக்கொண்டு வந்து, மங்கா அக்கா வீட்டு வாசலில் நின்று மூன்று சரணமும் பாடினார். "போதும்பா, இனிமே கேக்கவே மாட்டேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்த பிறகுதான் நிறுத்தினார்.

அவருக்கு ஒரு தம்பி, ஏகாம்பரம். அம்மா அப்பா போன பிறகு இவர்தான் வளர்த்து, தொழில் சொல்லிக்கொடுத்து, கல்யாணமும் செய்துவைத்தார். பிறகு பாகம் பிரித்தார்கள். மழை ஒழுகுகிற பக்கத்தை அண்ணன் வேண்டுமென்றே தன் தலையில் கட்டிவிட்டார் என்று தம்பி நம்பினான். வீட்டுக்கு நடுவே சுவர் எழும்பியது. பேச்சு நின்றது. ஆனால் பாவுக்கு வருவான். தெருக்கோடி முனையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைக் கோயில் பக்கமும் காதைக் கதைப் பக்கமும் வைத்துக்கொண்டு நிற்பான். சிரிப்புக் கட்டம் வந்தால் அவன் முதுகு மட்டும் குலுங்கும். கதைவசனத்துக்கு இயற்கையாகவே பெரிய தொண்டை என்று தெருவில் சொல்வார்கள். நான் பார்த்தவரை, அந்த முனைக்கு எட்ட வேண்டும் என்றுதான் அவர் கத்தினார்.

'நீலக் கழுகு' வந்தது. பம்பாயில் எடுத்துத் தமிழ் பேசவைத்த படம். வாய் ஒரு பக்கம் போகும், வசனம் ஒரு பக்கம் போகும். பகலில் தையற்கடையில் காஜா எடுக்கிற இளைஞன், அநியாயம் நடந்தால் நீலப் போர்வை கட்டிக்கொண்டு பறப்பான். அவனை வளர்த்து ஆளாக்கிய அண்ணன் போலீஸ் இன்ஸ்பெக்டர். தம்பிக்கு வருகிற குண்டை அண்ணன் தன் தோளில் வாங்கிக்கொள்ளும் கட்டத்தைக் கதைவசனம் சொன்னபோது, மங்கா அக்கா தெருக்கோடிக்குக் கேட்கும்படி, "அண்ணன்னா இப்பிடி இல்ல இருக்கணும்! தம்பிக்குத்தான் புரியணும்" என்றார். ஏகாம்பரம் திரும்பிப் பார்த்தான். ஒரே ஒரு தடவை. அதன் பிறகு வந்த எல்லாப் பாவிலும், யாரும் கேட்காமலேயே, கதைவசனம் அந்தக் குண்டை வாங்கிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பாகம் வருகிறது என்று சுவரொட்டி ஒட்டியதும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "இதுல அண்ணனும் தம்பியும் ஒண்ணா பறப்பாங்க பாருங்க சார்" என்றார் என்னிடம். "அத மட்டும் அவன் கேட்டான்னா போதும்."

படம் சனிக்கிழமை வந்தது. ஞாயிறு காலை அவருடைய சொந்தப் பாவு. கதை வழக்கம்போல் ஆரம்பித்தது. இந்த முறை வில்லன் கருந்தேள் என்ற முகமூடிக்காரன். பாலத்தை உடைக்கிறான், குழந்தைகளைக் கடத்துகிறான், யாரென்று தெரியவில்லை. இன்டர்வல் வந்தது. கதைவசனம் பீடி பற்றவைக்கவில்லை. கடைசிக் கட்டம் வந்தது. நீலக் கழுகு கருந்தேளின் மார்பில் உட்கார்ந்து முகமூடியில் கை வைக்கிறான். அங்கே நின்றுவிட்டார்.

"யாருண்ணே வில்லன்? சொல்லு, கஞ்சி காயுது!"

அவர் தெருக்கோடியைப் பார்த்தார். ஏகாம்பரம் முகத்தையே இந்தப் பக்கம் திருப்பியிருந்தான்.

"கம்பவுண்டரு" என்றார்.

"எந்தக் கம்பவுண்டரு?"

"இன்ஸ்பெக்டருக்கு ஊசி போட்டான் இல்ல, அந்தக் கம்பவுண்டரு."

ஒரு நிமிடம் தெரு யோசித்தது. பிறகு ஏற்றுக்கொண்டது.

"நான் அப்பவே நெனச்சேன். ஊசி போட்ட கையே சரியில்ல" என்றார் மங்கா அக்கா.

கதையில் அண்ணனும் தம்பியும் ஒரே போர்வையில் பறந்து போனார்கள். பாவைச் சுருட்டினார்கள்.

அன்று மாட்டினி ஆட்டத்துக்குத் தெருவே திரண்டு போனது. நானும் போயிருந்தேன். கம்பவுண்டர் வந்ததும் பெஞ்சுக்குப் பெஞ்சு சீட்டி. "டேய், உன்னத் தெரியும்டா!" என்று திரையைப் பார்த்துக் கத்தினார்கள். ஊசி போட்டுவிட்டுப் போன கம்பவுண்டர் திரும்பி வரவேயில்லை. கடைசியில் முகமூடி கழன்றது. உள்ளே இருந்தவர் இன்ஸ்பெக்டர் அண்ணன்.

பிறகு ஒரு குரல்: "ரீல வெட்டிட்டான்யா!"

அவ்வளவுதான். பெஞ்சுகள் கவிழ்ந்தன. கூட்டம் ஆபரேட்டர் அறைக்குப் பாய்ந்தது. ஆபரேட்டர் பாய் கதவைப் பாதி திறந்து தலையை நீட்டினார்.

"கம்பவுண்டர் எங்கய்யா?"

"எந்தக் கம்பவுண்டருபா? ஊசி போட்டான், பூட்டான். அவ்ளோதான் படம்!"

"அப்ப எங்க கதைவசனம் பொய் சொல்றாரா?"

"அல்லா மேல ஆணையா நான் எதையும் வெட்டலபா!"

நியாயமான பதில்தான். அதைக் கேட்கும் நிலையில் யாரும் இல்லை. ஒருவர் பாயின் சட்டையைப் பிடித்தார். "கதைவசனத்தையே இட்டுக்கினு வாங்கடா!" என்று மங்கா அக்கா போட்ட சத்தத்தில் இரண்டு பேர் சைக்கிளில் ஓடினார்கள்.

கதைவசனம் பனியனோடு வந்தார். அவரை ஒரு பெஞ்சின் மேல் ஏற்றிவிட்டார்கள். வெட்டினார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் பெயர் பிழைக்கும். பாய் பிழைப்பாரா என்பது சந்தேகம். வாசல் கதவை ஒட்டி ஏகாம்பரம் நின்றிருந்தான். படத்தை முழுக்கப் பார்த்துவிட்டவன்.

"பாய் மேல கை வெக்காதீங்க" என்றார் கதைவசனம். "படமே இதான். கம்பவுண்டரு என் வேல."

"ஏண்ணே?"

"முனையில அவன் நின்னுக்கினு இருந்தான். கூடப் பொறந்த அண்ணந்தான் வில்லன்னு நான் எந்த வாயாலபா சொல்றது?"

யாரும் ஏகாம்பரத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு எல்லோரும் மிகவும் பாடுபட்டார்கள்.

"இனிமே உன் கதைய எவன் நம்புவான்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். கதைவசனம் பெஞ்சிலிருந்து இறங்கக் காலால் தரையைத் தேடினார்.

அப்போதுதான் கதவருகே குரல் கேட்டது. ஏகாம்பரம் அண்ணனிடம் பேசவில்லை. பக்கத்தில் நின்ற டிக்கெட் கிழிப்பவரிடம் பேசினான். ஆனால் குரல் அண்ணனுடையது போலவே பெரிய குரல்.

"இந்தப் படத்த எடுத்தவனுக்கு அண்ணனே இருந்திருக்க மாட்டான்பா!"

முதலில் சிரித்தது ஆபரேட்டர் பாய். சட்டையை இன்னொருவர் கையிலிருந்து விடுவித்துக்கொண்டே சிரித்தார். பிறகு கொட்டகை முழுக்கச் சிரிப்பு. கவிழ்ந்த பெஞ்சுகளை அவர்களே நிமிர்த்திப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

கதைவசனத்தின் பெயர் கெட்டதா என்றால், கொஞ்சம் கெட்டது. அடுத்த பாவில் அவர் தயங்கித் தயங்கி ஆரம்பித்தபோது மங்கா அக்கா குறுக்கிட்டார்: "படத்து முடிவ நாங்க கொட்டகையில பாத்துக்கறோம். நீ உன் முடிவச் சொல்லு." அதன்பின் எங்கள் தெருவில் ஒவ்வொரு படமும் இரண்டு விதமாக முடிந்தது. நான் இரண்டையும் பார்த்தவன். படம் எடுத்தவர்கள் எங்கள் தெருவுக்கு ஒரு நடை வந்து போயிருக்கலாம் என்று பல தடவை தோன்றியிருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை கொட்டகைக்கு வேறு படம் வந்தது. டிக்கெட் வரிசையில் கதைவசனத்துக்கு முன்னால் ஏகாம்பரம் நின்றிருந்தான். இரண்டு டிக்கெட் வாங்கினான்.