மாடியில் வெயில், வீட்டில் மாவில்லை

அன்று காலை எங்கள் ராஜபாளையம் வீட்டில் இருந்தவர்கள் அம்மா, அப்பா, நான், நாற்பது கிலோ ஊறவைத்த இட்லி அரிசி. இல்லாதது கரண்ட்.

குற்றம் முழுக்க என்னுடையது. எங்கள் வம்சத்தில் முதலில் படித்தவன் நான், எலக்ட்ரிக்கல் டிப்ளமோ. அம்மா மாவு அரைத்து விற்பவள். பில் குறையும் என்று சொல்லி மாடியில் சோலார் போட வைத்தேன். மிஞ்சும் கரண்ட் மின்வாரியத்துக்குப் போகும். "அரசாங்கத்துக்கே நாம குடுக்கோம்" என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை வரை மின்தடை. அதே நாளில் ஒரு கல்யாண வீட்டுக்கு மாவு வேண்டியிருந்தது. மற்ற கடைக்காரர்கள் கைவிரித்தார்கள். நான் ஒப்புக்கொண்டேன். அம்மாவுக்கு அதுவரை வந்ததிலேயே பெரிய ஆர்டர்.

"விடியுமுன்ன அரைச்சிருவமாலே?" என்றாள் அம்மா.

"வெயில் ஏறட்டும்மா. நம்ம சோலார் இருக்க, எதுக்கு மின்வாரியத்துக் கரண்ட வீணாக்கணும்?" (இந்தப் பெருந்தன்மையை இன்றுவரை யாரும் மன்னிக்கவில்லை.)

ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. கிரைண்டரைப் போட்டால் சுற்றவில்லை. மாடியில் மண்டையைப் பிளக்கும் வெயில். தெருமுனையில் நின்ற லைன்மேனிடம் ஓடினேன்.

"லைன்ல கரண்ட் இல்லன்னா ஒங்க சோலாரும் தானா நின்னுரும். பேட்டரி இருந்தாத்தான் ஓடும். படிச்ச புள்ள, தெரியாதா?"

(ஐந்து மார்க் கேள்வி. சாய்ஸில் விட்டிருந்தேன்.)

"வயர எதுவும் மாத்தி ஓட்ட முடியாதாண்ணே?"

அவர் மேலே கை காட்டினார். கம்பத்தில் ஒருவர் கம்பியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார். "அது என் மச்சினன். ஒங்க வீட்டுக் கரண்ட் லைன்ல ஏறுனா அவன் கதி என்ன தம்பி?"

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன்.

"ஊருக்கே கரண்ட் குடுக்குற வீடு. ஒரு படி அரிசி அரைக்க வழியில்ல," என்றாள் அம்மா. அப்பாதான், "ஏலே, ஸ்ரீவில்லிபுத்தூர்ல இன்னைக்கு கரண்ட் இருக்கும். அண்டாவத் தூக்கு" என்றார்.

லோடு ஆட்டோவில் அம்மா முன்னால் உட்கார, நான் இரண்டு அண்டாக்களுக்கு நடுவில், ஒவ்வொரு கையிலும் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி போனேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் அரிசித் தண்ணீரில் குளித்தேன். அங்கே அரவைக்கார அக்காவிடம் அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அரசாங்கத்துக்குக் குடுத்தது போக, எங்களுக்கும் கொஞ்சம் கரண்ட் குடுங்க தம்பி" என்றார்.

மாவு பொழுது சாயுமுன் கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் இட்லியைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை.

பையனைப் படிக்கவைக்க எவ்வளவு ஆச்சு என்று யார் கேட்டாலும், அம்மா காலேஜ் பீஸைச் சொல்லிவிட்டு, அன்றைய ஆட்டோ வாடகையையும் அரவைக் கூலியையும் தனியாகச் சேர்க்கிறாள்: இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.