விபத்துச் சான்றில்லாத ஜீப்

ஓடத் தொடங்கிய எதுவும் ஒருநாள் நின்றே தீரும் என்பது ஆன்றோர் கண்ட முடிவு. எவ்வாறு நிற்பது என்பதில்தான் அலுவலகங்களுக்குக் கருத்து வேறுபாடு உண்டு.

பாபநாசத்துக்குக் கிழக்கே, வாய்க்கால் கரைகளைக் கண்காணிப்பதற்கென்று ஓர் அலுவலகம் இருப்பதாகக் கொள்வோம். அதற்கு நான்கு வண்டிகள்; அவற்றுள் ஒன்று பழைய ஜீப். அதன் ஓட்டுநர் நல்லக்கண்ணு, ஓய்வு பெற இன்னும் மூன்று மாதம். ஜீப்பில் எல்லாம் இருந்தன, பிரேக் நீங்கலாக. மிதிகட்டை இருந்தது. மிதித்தால் அது தரைவரை போகும், வண்டியும் போகும்.

பதினொரு ஆண்டுகளாக நல்லக்கண்ணு கியரைக் கொண்டே அதை நிறுத்திவந்தார். தொலைவில் மாடு தெரிந்தால் நான்கிலிருந்து மூன்று. மாட்டின் கொம்பு தெரிந்தால் இரண்டு. மாடு இவரைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று. ஒவ்வொரு படி இறங்கும்போதும் கிளட்சை மிதித்து, நியூட்ரலுக்குக் கொணர்ந்து, ஆக்சிலேட்டரை ஒரு சிட்டிகை அழுத்தி, மறுபடியும் கிளட்சை மிதித்து, பிறகே கீழ்க்கியர். வேகம் எஞ்சினுக்குள் அடங்கும்போது ஜீப் நெடுமூச்சாக ஒரு முனகல் முனகும். நின்றபின் அவர் இறங்கி, தேருக்குக் கட்டை கொடுப்பவரைப்போல, சக்கரத்தடியில் ஒரு செங்கல்லை வைப்பார். அந்த முனகல் அரை மைல் தொலைவுக்குக் கேட்கும். கேட்ட மாத்திரத்தில் கரையில் செல்வோர் வயலுக்குள் இறங்கிக்கொள்வார்கள். நாளடைவில் மாடுகளும் இறங்கக் கற்றுக்கொண்டன.

ஒன்று, ஓய்வு பெறுவதற்குள் ஒரு பிரேக் கிடைக்க வேண்டும். அன்றேல், அதுவரை உயிர் கிடக்க வேண்டும். ஈசன் திருவடியில் நல்லக்கண்ணு நாள்தோறும் வைத்த விண்ணப்பம் இவ்வளவே. அலுவலகத்தில் வைத்த விண்ணப்பம் கண்காணிப்பாளர் மதிவதனியின் மேசையில் இருந்தது. அவர் கோப்புகளை அன்னையின் பரிவோடு காப்பவர்; ஒன்றையும் வெளியே அனுப்ப மனம் வராது.

"மேடம், அந்த பிரேக் கோப்பு..."

"எத்தனை தடவ சொல்றதுங்க? பிரேக் பழுதுன்னா விபத்து நடந்திருக்கணும். விபத்து அறிக்கை எங்க?"

"விபத்து நடக்கலைங்களே."

"அப்ப பிரேக் நல்லாருக்குன்னுதானே அர்த்தம்?"

"நான் கியர்ல நிறுத்துறேங்க."

"அது உங்க சொந்த விருப்பம். அதுக்கெல்லாம் ஆபீஸ் பொறுப்பாக முடியாது."

"சின்னதா ஒண்ணு நடந்தா போதுங்களா?"

"நீங்களா நடத்தினா அது கவனக்குறைவு. சஸ்பெண்டுதான். பாத்து ஓட்டுங்க."

இந்த நிலையில் இராஜாங்கம் என்பார் புதிய அதிகாரியாக வந்து சேர்ந்தார். வெயிற்கண்ணாடியைத் தலைமேலும், கையுறையை நாற்காலியில் அமர்ந்திருக்கும்போதும் அணிபவர். அண்டை அலுவலகங்கள் தியானப் பயிற்சியும் சிரிப்புப் பயிற்சியும் நடத்தி முடித்துவிட்டபடியால், எஞ்சியிருந்த நாகரிகம் ஒன்றை அவர் தேர்ந்தார். "ஸ்போர்ட்ஸ் கார் முறையில் கியர் தாழ்த்தலும் பிரேக் இடலும்: அனைத்து ஓட்டுநர்களுக்கும் ஒருநாள் திறன் மேம்பாட்டுப் பயிற்சி" என்று சுற்றறிக்கை போந்தது.

பயிற்சியளிக்கச் சென்னையிலிருந்து அரவிந்தன் என்னும் இளைஞர் சிவப்பு நிறத்தில் இருவர் அமரும் கார் ஒன்றில் வந்தார். நம் ஊர் வேகத்தடைகளைக் கண்டு அந்தக் கார் வயிற்றை எக்கிக்கொண்டு ஊர்ந்தது. காலையில் கூடத்தில் பாடம். காரைக் கூடத்துக்குள் கொணர இயலாமையால், ஓட்டுநர் நால்வருக்கும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியும், கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் என மும்மூன்று செங்கற்களும் அளிக்கப்பட்டன.

"வலது பாதத்தோட முன்பக்கம் பிரேக்ல. அதே பாதத்தோட குதிகால் ஆக்சிலேட்டர்ல," என்றார் அரவிந்தன். "ஒரே கால் தடுக்கவும் செய்யுது, தூண்டவும் செய்யுது. அப்ப இடது கால் கிளட்ச், கை கியர்."

மறைத்தலை ஊன்றிய திருவடியாலும், அருளலைத் தூக்கிய திருவடியாலும் புரியும் அம்பலவாணருக்கே இரண்டு பாதம் வேண்டியிருந்தது. ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுபவர்க்கு ஒன்றே அமையுமாம்.

"வளைவு வர்றதுக்கு முன்னாடியே, நேர் ரோட்டுல பிரேக்க முடிச்சிரணும். கியர் குறைக்கையில எஞ்சின் வேகத்த ஏத்தி சமமாக்கணும். இல்லேன்னா சக்கரம் வழுக்கும். இது கைவர ரெண்டு வருஷமாவது ஆகும்."

நல்லக்கண்ணு கை உயர்த்தினார். "பிரேக்கே இல்லேன்னா, தம்பி?"

அரவிந்தன் சிரித்தார். "அங்கிள், வெறும் எஞ்சினால நிறுத்துறது பெரிய பெரிய ஆளுங்க பண்றது. உங்களுக்கு இப்ப வேணாம்."

"பதினொரு வருஷமா நான்..."

"நல்லக்கண்ணு, அனுபவத்தையெல்லாம் வெளிய வச்சிட்டு வந்து கத்துக்கங்க," என்றார் இராஜாங்கம்.

பிற்பகல் செயல்விளக்கம், வாய்க்கால் கரைச் சாலையில். அறுவடை முடிந்த மாசி மாதம். தார்ச்சாலை இறைவன் நெல் காயவைக்கவே படைத்த களம் என்பது நம் நாட்டில் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. வளைவை அடுத்துத் தர்மாம்பாள் தம் நெல்லைச் சாலை முழுதும் பரப்பிக் காலால் துழாவிக்கொண்டிருந்தார். முன்னே சிவப்புக் காரில் அரவிந்தனும் இராஜாங்கமும். பின்னே ஜீப்பில் நல்லக்கண்ணுவும், குறிப்பெடுக்க மதிவதனியும்.

அரவிந்தன் குறையொன்றும் வைக்கவில்லை. நேர் சாலையில் பிரேக். குதிகாலால் ஒரு தட்டு. நான்கு, மூன்று, இரண்டு. நூலில் உள்ளபடியே வளைவைக் கடந்தார். நூலில் நெல் இல்லை. நெல்லைக் கண்டதும் பிரேக்கை முழு மூச்சாக மிதித்தார். சக்கரங்கள் நின்றன, கார் நிற்கவில்லை. மணிகளின்மேல் வழுக்கிச் சென்று, வாய்க்காலுக்குள் ஓசையின்றி இறங்கி, சேற்றில் அமைதி கொண்டது.

ஜீப் முனகிற்று. மூன்று, இரண்டு, ஒன்று. நெல்லுக்கு இரு முழம் இப்பால் நின்றது. நல்லக்கண்ணு இறங்கிச் செங்கல்லை வைத்தார்.

"ஏன் நல்லக்கண்ணு, அந்த செவப்பு வண்டிக்கு பிரேக் இல்லியா?" என்றார் தர்மாம்பாள்.

"அதுக்கு இருக்குக்கா. நமக்குத்தான் இல்ல."

"இருந்துமா என் நெல்லு மேல வந்துச்சு? நீ வந்தா காவேரிக்கு அந்தாண்டையே கேக்கும், ஒதுங்கிக்குவோம். இது பூனை மாதிரில்ல வருது." என்றவர், வாய்க்காலில் கிடந்த இராஜாங்கத்தை நோக்கி, "சாமி, எந்திரிங்க. வாய்க்கால்ல தண்ணி வருதான்னு பாக்கத்தானே உங்கள வச்சிருக்கு? பாத்தாச்சுல்ல?"

ஆகாயத்தாமரையைத் தலையில் சூடியவராய் இராஜாங்கம் கரையேறினார். எவருக்கும் காயமில்லை. நல்லக்கண்ணுவின் முகத்தில் மட்டும், நெடுநாள் தவம் கிடந்தவன் ஆலய மணி கேட்டதுபோல் ஓர் ஒளி.

"மேடம், விபத்து நடந்துருச்சுங்க. அறிக்கை எழுதுங்க."

மதிவதனி அங்கேயே, ஜீப்பின் முகப்பில் தாளை வைத்து எழுதினார். கண்டதைக் கண்டபடி எழுதினார் என்பதை இங்கே பதிவு செய்தல் நம் கடமை. நான்காம் நாள் இராஜாங்கத்தின் ஆணை வந்தது.

"பார்வையிற் கண்ட நிகழ்வில், பிரேக் உள்ள வாகனம் வாய்க்காலில் வீழ்ந்ததும், பிரேக் இல்லாத வாகனம் பத்திரமாக நின்றதும் ஐயந்திரிபற மெய்ப்பிக்கப்பட்டுள்ளன. ஆகவே விபத்துக்குக் காரணம் பிரேக்கே எனத் துணியப்படுகிறது. இவ்வலுவலகத்தின் எஞ்சிய மூன்று வாகனங்களிலிருந்தும் பிரேக் உடனடியாக அகற்றப்படல் வேண்டும். ஓட்டுநர் நல்லக்கண்ணுவின் கோப்பு, இனித் தேவையெழாமையின், முடித்துவைக்கப்படுகிறது. மற்ற ஓட்டுநர்க்கு அவரே பயிற்சியளிப்பாராக."

"கோப்பு முடிஞ்சிருச்சு. சந்தோஷந்தானே?" என்றார் மதிவதனி, மனமாரவே.

எஞ்சிய நாள்களில் நல்லக்கண்ணு பயிற்சியளித்தார். "முதல் பாடம், பிரேக்க மாட்டுங்க," என்று அவர் கூறியது பயிற்சிக் குறிப்பேட்டில் இடம்பெறவில்லை. பாபநாசத்து இளைஞர்களிடையே பிரேக் விளக்கு எரிவது நாகரிகக் குறைவென்று ஒரு கொள்கை பரவிற்று.

ஓய்வு நாளன்று அலுவலகத்தார் ஒரு சைக்கிள் பரிசளித்தனர். மாலைக்குக் கழுத்தை நீட்டுமுன் நல்லக்கண்ணு அதை ஒரு முழம் உருட்டி, இரு கைப்பிடிகளையும் அழுத்தினார். நின்றது. மறுபடியும் உருட்டினார். மறுபடியும் நின்றது. அவர் கண்கள் கலங்கின. பணியைப் பிரியும் துயரம் என்று இராஜாங்கம் ஒலிபெருக்கியில் விளக்கினார்.

அடுத்த வாரம் அவர் சைக்கிளில் கரைமேல் வந்துகொண்டிருந்தார். பின்னால் முனகல் கேட்டது. கியர் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை என்பது அவர் செவிக்குத் தெரிந்தது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வயலில் குதித்தார். சேற்றில் ஏற்கெனவே தர்மாம்பாளும், பால்காரரும், பள்ளிப் பிள்ளைகள் இருவரும், ஒரு பசுவும் வரிசையாக நின்றிருந்தனர். ஜீப் கடந்து போயிற்று.

"வா, நல்லக்கண்ணு," என்று இடம் விட்டார் தர்மாம்பாள். "இத்தனை வருஷம் நீதான் வண்டிய நிறுத்துறேன்னு நெனச்சிக்கிட்டிருந்தியாக்கும்?"

ஆண்டறிக்கையில், பிரேக் நீக்கிய பின் விபத்து ஏதுமில்லை என்று பெருமிதத்தோடு குறிக்கப்பட்டது. கரைவாழ் மக்களாகிய நாமும் வாளாவிருக்கவில்லை. குறைதீர்க்கும் நாளில் திரண்டு சென்று மனுக் கொடுத்தோம்: இறங்கி நிற்க ஏதுவாக வரப்புகளை இரண்டடி அகலப்படுத்தித் தர வேண்டுமென்று. முதற் கையொப்பம் நல்லக்கண்ணுவுடையது.